திடலுக்கு வெளியே நிற்பவர்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘விளையாட்டும் வாழ்வும்’ என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். இத்தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். விளையாட்டு உடலுக்கு உறுதி தரும், உள்ளத்துக்கு ஊக்கம் தரும், ஒற்றுமையை வளர்க்கும் என்பார்கள். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்த வாக்கியங்களை எத்தனை கட்டுரைகளில் திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. அவற்றில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பகுதி விட்டுப்போகிறது. விளையாடுகிறவர்களைப் பற்றி எழுதுகிறோம். சுற்றி நின்று பார்க்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காற்பந்துத் திடலில் 22 பேர் ஆடுகிறார்கள் என்றால் வெளியே 200 பேர் நிற்கிறோம். ஆகவே இன்று அந்த 200 பேரைப் பற்றியே பேசுகிறேன். அதாவது நம்மைப் பற்றி.

இவ்வாண்டு நம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நானும் வந்திருந்தேன். கடைசி நிகழ்ச்சி 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம். பச்சை இல்லமும் நீல இல்லமும் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைத் தொட்டன. நீதிபதிகள் பச்சை இல்லம் முதல் என்றார்கள். உடனே ஒரு தகப்பனார் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். “கண்ணு தெரியுதா உங்களுக்கு?” என்று தொடங்கியது பேச்சு, எங்கே போய் முடிந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டாம். நான் கவனித்தது வேறொன்று. நீல இல்லத்தின் கடைசி ஓட்டக்காரி, அவருடைய மகள்தான், மூச்சு வாங்கிக்கொண்டு, தன்னை வென்ற பச்சை இல்லப் பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சத்தம் காதில் விழுந்ததும் அந்தப் பிள்ளை தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஓடிக் களைத்தவள் தோல்வியை அப்போதே ஏற்றுக்கொண்டாள். ஓடாதவருக்குத்தான் முடியவில்லை.

அந்த அன்பர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். தலையைக் குனிய வேண்டாம் ஐயா, பெயர் சொல்லமாட்டேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதையும் கிடையாது. நீங்கள் செய்ததைக் காட்டிலும் மோசமான ஒன்றை இதே தோட்டத்துத் திடலில் நான் செய்திருக்கிறேன். இங்கே நரைத்த தலைகள் சிலவற்றுக்கு அது தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

1978-ஆம் ஆண்டு. எனக்கு வயது 16, படிவம் நான்கு. அப்போது இங்கே செம்பனை கிடையாது, எல்லாம் ரப்பர். நம் தோட்டத்துக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தோட்டத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு சுழற்கிண்ணக் காற்பந்துப் போட்டி நடக்கும். கிண்ணம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கத்துக் காது உடைந்து, பற்ற வைத்த கிண்ணம். ஆனால் அது எந்தத் தோட்டத்துக் கிராணி வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதுதான் அந்த ஆண்டு முழுவதும் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் லோரியில் ஏறி, ஆற்றைச் சுற்றிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி வருவார்கள். நம் ஆட்கள் கோயில் பக்கம் கூடி நின்று கேலி செய்வார்கள். அதுவரைக்கும் எல்லாம் வேடிக்கைதான்.

அவர்களுடைய கோல்காவலர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நீண்ட கைகள். அந்நாளில் தேசியக் குழுவின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ‘ஸ்பைடர்மேன்’ என்றே நாடு அவரை அழைத்தது. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என்று வானொலியில் அந்தப் பெயர்களை வரிசையாகக் கேட்கும்போது லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிமிர்வு வரும். 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோமே, அதற்கும் அவர்தான் கோல்கம்பத்தில் நின்றார். பிறகு அரசியல் காரணத்தால் மாஸ்கோவுக்கு நாம் போகவில்லை என்பது வேறு கதை. அக்கரைத் தோட்டத்து இந்த அண்ணனையும் எல்லாரும் ஆறுமுகம் என்றே கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

ஆட்டம் 1-1. முடிய ஐந்து நிமிடம் இருக்கும். நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, ஆறுமுகம் பாய்ந்து பிடித்துவிட்டார். நம் பக்கம் செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அடுத்து நமக்கு ஒரு மூலைப் பந்து. நான் அவர் கோல்கம்பத்துக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன்.

அந்த அண்ணனுடைய தகப்பனார் அதற்கு முந்தின ஆண்டு இறந்துபோயிருந்தார். சம்சு குடித்துவிட்டு இரவில் சைக்கிளில் திரும்பும்போது பலகைப் பாலத்திலிருந்து விழுந்து, காலையில்தான் பார்த்தார்கள். அது எனக்குத் தெரியும். இன்னொன்றும் எனக்குத் தெரியும். என் மூத்த அக்காளுக்கு அந்த வீட்டில்தான், அந்த ஆறுமுகத்தின் அண்ணனுக்குத்தான், பேசி முடித்திருந்தது. அடுத்த மாதம் பரிசம் போடுவதாக நாள் குறித்திருந்தார்கள். அவ்வளவும் தெரிந்த நான் வாயைத் திறந்து, “பாலம் வருது பாலம் வருது, அப்பன் மாதிரி விழுந்துடாதே!” என்று கத்தினேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சொன்னவன் நான் ஒருவன். சிரித்தவர்கள் ஒரு 30 பேர் இருக்கும். ஆறுமுகம் திரும்பிப் பார்த்தார். பந்து வந்தது, அவர் கை உயரவே இல்லை, உள்ளே போய்விட்டது. 2-1. நாம் ஜெயித்தோம்.

அதற்குப் பிறகு கைகலப்பு, கல்வீச்சு, லோரிக் கண்ணாடி உடைந்தது, எல்லாம் நடந்தது. நடுவராக இருந்த பெரிய கிராணியின் வெள்ளைச் சட்டை கிழிந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆடிய 22 பேரில் அடிதடியில் இறங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. நம் குழுத் தலைவர் ஆறுமுகத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டு கோயில் பின்புறம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவே சைக்கிள் எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். நான் போகவில்லை.

மூன்றாம் நாள் அந்த வீட்டுத் தாய்மாமன் வந்தார். திண்ணையில் உட்காரவில்லை. அம்மா கொண்டுவந்த தேநீரை வாங்கவில்லை. “அப்பன் செத்ததைச் சொல்லிச் சிரிக்கிற வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேணாங்க” என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். என் தகப்பனார் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல வெட்டுக்கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போனார். ஏறக்குறைய ஒரு வருடம் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை மேடையில் சொல்லலாமா என்று அக்காளிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். “சொல்லேன். அந்த வீட்டுக்குப் போயிருந்தா எனக்கு ஏது இந்த மனுஷன்?” என்று மாமாவைக் காட்டிச் சிரித்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். அது அவர்களுடைய நல்ல மனது; என் கணக்கு அதனால் தீர்ந்துவிடாது.

இப்போது யோசிக்கிறேன். அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது? நான் கெட்ட பையன் இல்லை; வகுப்பில் நல்ல பெயர்தான். தனியாக ஆறுமுகத்தை ஒற்றையடிப் பாதையில் சந்தித்திருந்தால், அண்ணே என்று சொல்லி ஒதுங்கி நின்றிருப்பேன். ஆடுகிறவனுக்கு எதிராளி ஓர் ஆள். அவன் முகம் தெரிகிறது, வியர்வை தெரிகிறது, கால் வலிப்பது தெரிகிறது. வெளியே நிற்கிறவனுக்கு எதிராளி வெறும் சட்டை நிறம். மேலும், ஆடுகிறவனுக்குச் செய்ய வேலை இருக்கிறது: ஓடலாம், உதைக்கலாம், அடுத்த பந்தைப் பிடிக்கலாம். வெளியே நிற்பவனால் ஒன்றும் செய்ய முடியாது. அவனிடம் இருப்பது வாய் ஒன்றுதான். பக்கத்தில் சிரிக்க ஆள் இருந்துவிட்டால் அந்த வாய்க்குக் கதவே இல்லை.

இது நம் தோட்டத்தில் பிறந்த வியாதி அல்ல. 1,500 ஆண்டுகளுக்கு முன்பே கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், தேர்ப்பந்தயக் குழுக்களுக்கு நிறங்கள் இருந்தன. சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. நம் பள்ளி இல்லங்களைப் போலவே நான்கு! நாளடைவில் நீலமும் பச்சையும்தான் பெரியவை ஆயின. பந்தய மைதானத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி இருக்கைப் பகுதி. தேர் ஓட்டுகிறவன் நிறம் மாறி ஓட்டுவான், இன்று நீலம், நாளைக்குப் பச்சை, அவனுக்கு அது தொழில். ஆனால் பார்க்கிறவர்கள் மாறமாட்டார்கள். அரசியல், மதச்சண்டை, வரி, வழக்கு எல்லாமே அந்த இரண்டு நிறத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஜஸ்டினியன் சக்கரவர்த்தியே நீலக் கட்சியின் ஆதரவாளர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 532-ஆம் ஆண்டு ஜனவரியில் கலவரம் மூண்டது. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கில் போட இருந்தவர்களில் ஒரு நீலக்காரனும் ஒரு பச்சைக்காரனும் தூக்குமரம் முறிந்து தப்பிவிட, இருவரையும் விடுவிக்கக் கேட்டு இரண்டு நிறமும் சேர்ந்து சக்கரவர்த்திக்கு எதிராகவே எழுந்தன. பந்தயத்தில் கத்தும் ‘நிகா’, அதாவது ‘வெற்றி’ என்ற சொல்லையே கலகத்திலும் கத்தினார்கள். நகரத்தில் பெரும்பகுதி எரிந்தது. படை மைதானத்துக்குள் நுழைந்து வெட்டியதில் இறந்தவர்கள் 30,000 பேர் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதி வைத்திருக்கிறார். விளையாட்டுப் பார்க்கக் கட்டிய இடத்திலேயே!

நம் காலத்துக்கு வருவோம். 1969-இல் மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், ஹோண்டுராஸ் என்ற இரண்டு சிறிய நாடுகள் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மோதின. ஜூன் மாதத்தில் மூன்று ஆட்டங்கள். எதிர்க்குழுவைத் தூங்கவிடக்கூடாது என்று இரவெல்லாம் ஹோட்டலுக்கு வெளியே நின்று சத்தம் போட்டார்கள். பத்திரிகைகள் எண்ணெய் ஊற்றின. ஜூலை 14-ஆம் தேதி உண்மையான போரே தொடங்கிவிட்டது. சுமார் 100 மணி நேரம் நடந்த அதைக் ‘காற்பந்துப் போர்’ என்பார்கள். ஆனால் காற்பந்து தீக்குச்சிதான், விறகு வேறு. பிழைப்புத் தேடி எல்லை தாண்டிப் போய் ஹோண்டுராஸில் வாழைத் தோட்டங்களிலும் காடு திருத்திய நிலங்களிலும் உழைத்த சல்வடோர்க்காரர்கள் பெருந்தொகையினர். நிலச் சட்டம் மாறி அவர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். தோட்டத்தில் வேலை செய்யப் போய், ஒரு தலைமுறைக்குப் பிறகு “நீ யார்?” என்று கேட்கப்படுவது என்னவென்று இந்தக் கூட்டத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் உயிர் போயிற்று. எல் சல்வடோர் 1970-இல் உலகக் கிண்ணத்துக்குப் போனது. ஆடியது மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. ஒரு கோல்கூடப் போடவில்லை.

நம் நாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கம். தென்கிழக்காசியக் கிண்ண இறுதியாட்டத்தின் முதல் பகுதி, எதிரே இந்தோனேசியா. நமக்குப் பயிற்றுநர் கே. ராஜகோபால். பார்வையாளர்கள் சிலர் இந்தோனேசியக் கோல்காவலரின் கண்ணில் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். அவர்கள் திடலைவிட்டு வெளியேறி, ஆட்டம் சில நிமிடம் நின்றது. பிறகு நாம் மூன்று கோல் போட்டோம். மூன்று நாள் கழித்து ஜக்கார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தம் 4-2 என்று அந்தக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றோம். நல்ல குழு, கடுமையாக உழைத்த குழு. ஆனாலும் இந்தோனேசியர் ஒருவரிடம் அந்த வெற்றியைப் பற்றிப் பேசிப் பாருங்கள், முதலில் லேசரைத்தான் சொல்வார். வெளியே நின்ற சில பேர் செய்த காரியம், உள்ளே 11 பேர் சிந்திய வியர்வையின் மேல் ஒட்டிக்கொண்டது. கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று வாயால் கண்ணைக் குத்திய எனக்கு அது நன்றாகவே புரியும்.

2015 செப்டம்பரில் இன்னொன்று. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 10-0 என்று தோற்றோம். ரசிகர்களுக்குக் கோபம், நியாயமான கோபம். நிர்வாகத்தைத் தட்டிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஐந்து நாள் கழித்து ஷா ஆலாமில் சவூதி அரேபியாவோடு ஆடியபோது, 2-1 என்று பின்தங்கியிருந்த நிலையில், தீப்பந்தங்களைத் திடலுக்குள் வீசினார்கள். 88-ஆவது நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. அனைத்துலகச் சங்கம் 3-0 என்று சவூதிக்கே வெற்றியைக் கொடுத்தது. கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாமல், நம் பிள்ளைகள் போட்ட அந்த ஒரு கோலையும் கணக்கிலிருந்து அழித்ததுதான் மிச்சம்.

பெருமக்களே, அரசியலும் இப்படித்தான் இருக்கிறது. எந்தக் கட்சி நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. பள்ளி மேடை அதற்கு இடமில்லை. எனக்கும் ஒரு பிடிப்பு உண்டு, அது வாக்குப்பெட்டிக்குள் இருக்கட்டும்.

1969 மே 10-ஆம் தேதி நம் நாட்டில் பொதுத் தேர்தல். எனக்கு ஏழு வயது. முடிவு வந்த பிறகு கோலாலம்பூரில் வெற்றி ஊர்வலங்கள் போயின. வழியில் எதிர்த்தரப்பினரைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொற்களைச் சொன்னார்கள். அதற்குப் பதில் ஊர்வலம் என்று மே 13 அன்று கூட்டம் கூடியது. பிறகு நடந்தது பெரியவர்களுக்குத் தெரியும். அரசாங்கக் கணக்குப்படி 196 பேர் உயிரிழந்தார்கள். நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. இங்கேயும் விறகு வேறு: வறுமை, பயம், இனத்துக்கு இனம் இருந்த சந்தேகம். அதையெல்லாம் 20 நிமிடத்தில் அளக்க முடியாது. ஆனால் ஊர்வலத்தில் போனவர்கள் வேட்பாளர்கள் அல்லர், பெரும்பாலும் வெளியே நிற்கும் நம்மைப் போன்றவர்கள்தாம் என்பதை மறக்க வேண்டாம். என் தகப்பனார் அந்த நாள்களில் வானொலிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1970 ஆகஸ்டு 31-ஆம் நாள் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளே, நீங்கள் சபை கூடும்போது கையை உயர்த்திச் சொல்கிறீர்களே, ஐந்தாவது கோட்பாடு என்ன?

(மாணவர்கள்: “நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல்!”)

நல்லது. அரங்கத்துக்கு வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். அந்த ஐந்தாவது ஏன் அங்கே வந்தது என்பதை இனிமேல் நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

இன்னொரு கதை, கிட்டத்தில் நடந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர், மச்சான்கள். ஒருவர் தங்கையைத்தான் மற்றவர் கட்டியிருக்கிறார். அடுத்தடுத்த வீடு. 2022 பொதுத் தேர்தலில் ஒரு வீட்டு வேலியில் ஒரு கட்சிக் கொடி, மறு வீட்டில் எதிர்க்கட்சிக் கொடி. முதலில் கிண்டல். பிறகு புலனக் குழுவில் படம் போடுவது. இப்போதெல்லாம் கயிற்றைத் தாண்டக்கூட வேண்டியதில்லையே, கட்டிலில் படுத்துக்கொண்டே ஊரை வையலாம். ஒருநாள் இரவு ஒருவர் மற்றவரை ‘விலை போனவன்’ என்று எழுத, அதோடு பேச்சு நின்றது. நவம்பர் 19-ஆம் தேதி வாக்களிப்பு. எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நாட்டில் அதுதான் முதல் தடவை. 24-ஆம் தேதி டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். தேர்தலில் எதிரெதிராக நின்ற பக்காத்தான் ஹராப்பானும் பாரிசான் நேஷனலும் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்தன. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தால் கை குலுக்கித்தான் ஆக வேண்டும், நாட்டுக்கு ஓர் அரசாங்கம் வேண்டும். தலைவர்களுக்கு ஐந்து நாளில் முடிந்தது. இந்த மச்சான்களுக்கு இரண்டு தைப்பூசம் போயும் முடியவில்லை. இடையில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை பெரிய மனுஷியானாள். சடங்குக்குத் தாய்மாமன் சீர், பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை. ஐந்தடி வேலி. பிள்ளை மணையில் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஆகவே அரசியலே பேசாதீர்கள் என்று சொல்கிறேனா? இல்லை. தொழிற்சங்கம் கேட்டதால்தான் நமக்குச் சம்பளம் உயர்ந்தது. கேட்காவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரைகூட மாறியிருக்காது. தவறு செய்த நடுவரையும் கேட்கலாம், அமைச்சரையும் கேட்கலாம். கேட்பதற்கு வழி இருக்கிறது: குழுத் தலைவர் போய்க் கேட்பார், மனு எழுதலாம், அடுத்த தேர்தலில் மாற்றி வாக்களிக்கலாம். நான் சொல்வது, எதிரே நிற்பவனின் அப்பன் எப்படிச் செத்தான் என்பது அந்தக் கேள்விக்குள் வரக்கூடாது என்பதைத்தான்.

கூட்டம் என்றால் கெட்டதுதான் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1999 ஜனவரி 31-ஆம் தேதி சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டம் முடிந்தது. இந்தியாவுக்கு வேண்டியது 271. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ஓட்டம்தான் தேவை. மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் மளமளவென்று விழ, 12 ஓட்டத்தில் தோற்றார்கள். மனம் உடைந்துபோன அந்தக் கூட்டம் என்ன செய்தது? எழுந்து நின்று பாகிஸ்தான் குழுவுக்குக் கைதட்டியது. வாசிம் அக்ரம் தம் குழுவைக் கூட்டிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார், கைதட்டல் நிற்கவில்லை. அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே மூன்று போர் நடந்திருந்தது. அதே ஆண்டில் கார்கிலும் வந்தது. மூன்று வாரம் கழித்துக் கல்கத்தாவில், அதே இரண்டு நாடுகள் ஆடிய ஆட்டத்தில், கலாட்டா பொறுக்காமல் போலீஸ் ரசிகர்களையெல்லாம் வெளியேற்றி, ஏறக்குறைய ஆளில்லாத அரங்கத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். சேப்பாக்கத்துக்காரர்கள் தேவர்களும் அல்லர், கல்கத்தாக்காரர்கள் அசுரர்களும் அல்லர். முதலில் எழுந்து கைதட்டுகிறவன் ஒருவன் எங்கேயாவது இருந்திருப்பான். பக்கத்தில் உள்ளவன் அவனைப் பார்த்திருப்பான். என் கெட்ட வார்த்தைக்கு 30 பேர் சிரித்தார்கள் என்றேனே, அன்று ஒருவர் “சீ, வாயை மூடுடா” என்று சொல்லியிருந்தால் மிச்சப் பேரும் சிரித்திருக்கமாட்டார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த ஆண்டு விளையாட்டுப் போட்டியில் பெற்றோர் பந்தலை இல்லவாரியாகப் போடாதீர்கள். பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று பிரித்து உட்கார வைத்தால், காலை பத்து மணிக்குள் பந்தலுக்குப் பந்தல் பகை வந்துவிடுகிறது. ஒரே பெரிய பந்தலாகப் போட்டு, எல்லாரையும் கலந்து உட்கார வையுங்கள். பக்கத்தில் இருக்கிற அம்மாவின் பிள்ளையும் ஓடுகிறது என்று தெரிந்தால் வாய் கொஞ்சம் யோசிக்கும். வாடகையும் மிச்சம். செலவுக்கு நான் 200 வெள்ளி தருகிறேன், பொருளாளர் குறித்துக்கொள்ளட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளை தோற்று வீட்டுக்கு வந்தால் “நடுவர் ஏமாத்திட்டான்” என்று முந்திக்கொண்டு நீங்களே சொல்லாதீர்கள். பிள்ளைக்குப் பசிக்கும். முதலில் சோறு போடுங்கள்.

ஆறுமுகம் என்ன ஆனார் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். 1992-ஆம் ஆண்டு, பட்டணத்துப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நான் ஆசிரியராகிவிட்டேன், அவர் ஒரு தொழிற்சாலையில் வேலை. நீண்ட கைகளை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அவரே வந்துவிட்டார். 1988-இல் கார் விபத்தில் இறந்துபோன அந்தப் பெரிய ஆறுமுகத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பேருந்து வர நேரமாயிற்று. கடைசியில் 14 வருடம் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். “அண்ணே, அன்னைக்கு நான் கத்தினது...” என்று தொடங்கினேன்.

அவர் முடிக்கவிடவில்லை. “அட, அதுக்கா பந்தை விட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கே? வெயிலு தம்பி. கண்ணுல வெயிலு” என்றார்.

அந்தக் கோல்கம்பம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று திடலுக்குப் போய்ப் பாருங்கள். இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கிழக்கே பார்த்து நிற்கிறது. நாங்கள் ஆடியது மாலையில்.

 பரிசு மேசைப் பக்கம் பிள்ளைகள் நகர்ந்து வந்துவிட்டார்கள், இனிமேல் நான் நிற்பது முறையல்ல. வணக்கம்.